'லாரெடோ' வெஸ்டர்ன் தொடர்: ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பழைய அமெரிக்க டிவி வெஸ்டர்ன்களில் பெரிய பெயர்களை எல்லாம் பார்த்து முடித்தவர்கள் அடுத்து வந்து நிற்கும் இடம் 'லாரெடோ'. பார்த்தவர்களில் பாதிப் பேர் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். மீதிப் பேர் இரண்டு மூன்று எபிசோடிலேயே "இது என்ன கூத்து?" என்று எழுந்து போய்விடுகிறார்கள். இரண்டு தரப்பும் கேட்கும் கேள்விகள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி இருப்பதால் எல்லாவற்றுக்கும் இங்கே சேர்த்துப் பதில். கதையின் திருப்பங்களைப் போட்டு உடைக்கவில்லை, தைரியமாகப் படிக்கலாம்.

முதலில், இது என்ன தொடர்?

1965 செப்டம்பர் 16 முதல் 1967 ஏப்ரல் வரை என்.பி.சி. டிவி சேனலில் ஓடிய ஒரு மணி நேரத் தொடர். யுனிவர்சல் தயாரிப்பு. இரண்டு சீசன், மொத்தம் 56 எபிசோட், எல்லாமே கலர். அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய டெக்சாஸில், மெக்சிகோ எல்லையை ஒட்டிய லாரெடோ ஊரில், டெக்சாஸ் ரேஞ்சர்கள் என்ற மாநிலக் காவல் படையின் 'பி' கம்பெனி முகாம் போட்டிருக்கிறது. அதில் மூன்று ரேஞ்சர்கள்: ரீஸ் பென்னட், சாட் கூப்பர், ஜோ ரைலி. அவர்களைக் கட்டி மேய்க்க கேப்டன் பார்மலி. கொள்ளைக்காரர்களைத் துரத்துவது, ஆயுதக் கடத்தலை மறிப்பது, எதையாவது எங்கேயாவது கொண்டுபோய்ச் சேர்ப்பது, நடுவில் ஒருவரை ஒருவர் கவிழ்ப்பது. இவ்வளவுதான் கதை.

வெஸ்டர்ன் என்று நம்பி உட்கார்ந்தேன். பாதி நேரம் காமெடி ஓடுகிறதே?

தொடரைப் பிடிக்காதவர்களின் முதல் புகார் இதுதான். நியாயமான புகாரும்கூட. ஐந்து நிமிடத்துக்கு முன்னால் ஒரு மனிதன் சுடப்பட்டுச் சாகிறான். அடுத்த காட்சியில் மூன்று ரேஞ்சர்களும் ஒரு குதிரைக்காகச் சண்டை போட்டு மண்ணில் உருள்கிறார்கள். செத்தவனுக்காக வருத்தப்படவும் விடாமல், சிரிக்கவும் விடாமல் சில எபிசோட்கள் நம்மை நடுவில் தொங்க விட்டுவிடும்.

ஆனால் தொடர் தொடங்கிய அந்த ஒரே வாரத்தைப் பாருங்கள். 1965 செப்டம்பர் 14 அன்று, குதிரைப்படையை முழுக்க முழுக்கக் கேலி செய்யும் 'எஃப் ட்ரூப்' வந்தது. 15 அன்று, கண்ணீரும் கௌரவமுமாகப் பண்ணைக் குடும்பக் கதை சொல்லும் 'தி பிக் வேலி'. 16 அன்று லாரெடோ. 17 அன்று, வெஸ்டர்னுக்குள் ரகசிய ஏஜென்ட்டையும் விசித்திர இயந்திரங்களையும் கொண்டுவந்த 'தி வைல்ட் வைல்ட் வெஸ்ட்'. 1950களின் கடைசியில் மாலை நேர டிவியில் ஒரே சமயத்தில் 25க்கும் மேற்பட்ட வெஸ்டர்ன்கள் ஓடின. நல்லவன் ஊருக்குள் வருகிறான், கெட்டவனைச் சுடுகிறான், போகிறான் என்ற கதையை மக்கள் கரைத்துக் குடித்திருந்தார்கள். 1965இல் புதிதாகக் கடை விரிப்பவர் எதையாவது கலந்தே ஆக வேண்டும். லாரெடோ கலந்தது நகைச்சுவை. அதையும் முழுதாகக் கலக்காமல், எஃப் ட்ரூப்புக்கும் பிக் வேலிக்கும் நடுவே ஒரு இடத்தில் நின்றுகொண்டது.

அதனால் சீரியஸ் வெஸ்டர்ன் என்று நினைத்துப் போனால் கடுப்பாகும். மூன்று வம்புக்காரர்கள் வேலைக்கு நடுவே அடிக்கும் கூத்து, அந்த வேலை உயிர் போகிற வேலையாக வேறு இருக்கிறது என்று எடுத்துக்கொண்டால் கச்சிதமாகப் பொருந்திவிடும். எபிசோட் தலைப்பிலேயே பாதி தெரிந்துவிடும். முதல் எபிசோடின் தலைப்பே 'லேஸிஃபுட், வேர் ஆர் யூ?' இப்படி ஒரு தலைப்பை வைத்துவிட்டு யாரும் துன்பியல் நாடகம் எடுக்க மாட்டார்கள்.

இளம் ரேஞ்சர்களின் கதை என்றார்கள். ஆனால் ரசிகர்கள் எல்லாரும் ரீஸைப் பற்றியே பேசுகிறார்களே?

இந்தத் தொடரின் மர்மமே அதில்தான் இருக்கிறது.

விளம்பரத்துக்கு முகம் சாட் கூப்பரும் ஜோ ரைலியும். சாடாக நடித்த பீட்டர் பிரவுனுக்கு அப்போது முப்பதைத் தொடும் வயது. ஜோவாக வந்த வில்லியம் ஸ்மித்துக்கு 32. இருவரும் பார்க்க லட்சணம், குதிரையில் ஏறினால் படம் எடுத்து மாட்டலாம். மூன்றாவது ஆள் ரீஸ் பென்னட். நடித்தவர் நெவில் பிராண்ட், வயது 45. கரடுமுரடான முகம், அகன்ற மூக்கு, கரகரத்த குரல். அதுவரை அவரை அமெரிக்கா அதிகம் பார்த்தது வில்லனாகத்தான். 'தி அன்டச்சபிள்ஸ்' தொடரில் சிகாகோ தாதா அல் கபோனாக வந்தவர் அவர். அப்படிப்பட்டவரைக் கொண்டுவந்து காமெடிக்கு நடுநாயகமாக உட்கார வைத்தார்கள்.

கதைப்படி ரீஸ், உள்நாட்டுப் போரில் வட மாநிலங்களின் யூனியன் ராணுவத்தில் அதிகாரியாக இருந்துவிட்டு, நாற்பதைத் தாண்டிய பிறகு ரேஞ்சராகச் சேர்ந்தவர். கேப்டனாக நடித்த ஃபிலிப் கேரி 1925இல் பிறந்தவர், பிராண்ட் 1920. அதாவது உத்தரவு போடுபவரைவிட அதைக் கைகட்டிக் கேட்பவர் ஐந்து வயது மூத்தவர். கேப்டன் காய்ச்சி எடுக்கும் காட்சிகளில் ரீஸின் முகத்தைப் பாருங்கள். "என் வயசுக்கு இதெல்லாம் தேவையா" என்று ஒரு வசனமும் இல்லாமலே சொல்லிவிடுவார்.

வழக்கமான வெஸ்டர்னில் மூத்தவர் கற்றுக்கொடுப்பார், இளையவர் கற்றுக்கொள்வார். பெரியவர் நிதானம், சின்னவர் அவசரம். லாரெடோ இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டது. இங்கே இளையவர்கள் இருவரும் சாமர்த்தியசாலிகள். கஷ்டமான வேலையைப் பெரியவர் தலையில் கட்டிவிட்டு நைசாக நழுவுகிறார்கள். பெரியவரோ வாய்ச்சவடாலில் கில்லாடி, காதலில் தோற்றுக்கொண்டே இருப்பவர், சுலபமாக ஏமாறுகிறவர். ஆனால் நிஜமான ஆபத்து வந்துவிட்டால் முதலில் போய் நிற்பவரும் அவர்தான். இளமையை விற்க வந்த தொடரில் மக்கள் மனதில் தங்கியது நடுத்தர வயதுக்காரர். எழுதியவர்களுக்கும் இது சீக்கிரமே புரிந்திருக்க வேண்டும். முதல் சீசனிலேயே கதைகள் ரீஸைச் சுற்றிச் சுழல ஆரம்பித்துவிடுகின்றன.

பிராண்டின் குரலைத் தனியாகக் கவனியுங்கள். கோபம் வரும்போது அடித்தொண்டையில் உறுமலாக ஆரம்பிக்கும். வாக்கியம் முடிவதற்குள் அதுவே உயர்ந்து புலம்பலாகிவிடும். சாடும் ஜோவும் அந்தப் புலம்பல் வரும் வரை காத்திருந்து, வந்ததும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

நெவில் பிராண்ட் இரண்டாம் உலகப் போரில் நான்காவது அதிகமாகப் பதக்கம் வாங்கிய வீரர் என்கிறார்களே, உண்மையா?

போர்வீரர் என்பது உண்மை. நிஜமான துப்பாக்கிச் சண்டையைப் பார்த்தவர் என்பதும் உண்மை. 1945 ஏப்ரலில் ஜெர்மனியின் வேஸர் ஆற்றருகே கையில் குண்டுபட்டது. வீரத்துக்கு சில்வர் ஸ்டார் பதக்கமும், போரில் காயமடைந்தவர்களுக்குத் தரும் பர்ப்பிள் ஹார்ட்டும் பெற்றார். ஆனால் "நான்காவது" என்ற எண் பத்திரிகைகளிலும் ரசிகர்கள் வாயிலும் வளர்ந்த கதை. அப்படி ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்தும் அதிகாரப்பூர்வப் பட்டியல் எதையும் அமெரிக்க ராணுவம் வைத்திருக்கவில்லை. சில்வர் ஸ்டார் தனியாகவே பெரிய விஷயம், எண் எல்லாம் எதற்கு?

ரீஸை ஓயாமல் படுத்துவது கொடுமையாக இல்லையா?

இன்றைக்குப் பார்ப்பவர்கள், அதிலும் அலுவலகத்தில் இந்த மாதிரி "விளையாட்டுக்கு" ஆளானவர்கள், இதைக் கேட்காமல் இருப்பதில்லை. சில எபிசோட்களில் எல்லை மீறத்தான் செய்கிறார்கள். நண்பன் என்ற பெயரில் ஒருவரின் பணத்தையும் மானத்தையும் வாங்குவதை நாலு முறை சிரித்துப் பார்க்கலாம். ஐந்தாம் முறை சலிக்கும்.

ஆனால் தொடரைக் காப்பாற்றும் விஷயம் ஒன்று உண்டு. ரீஸ் பாவப்பட்ட ஆள் கிடையாது. வாய்ப்புக் கிடைத்தால் அவரும் இவர்களைக் கவிழ்ப்பார், அதுவும் அற்பத்தனமாக. மூன்று பேரும் அயோக்கியர்கள் என்று ஆன பிறகு கணக்கு நேராகிவிடுகிறது. பிராண்ட் ரீஸை அழுமூஞ்சியாக நடித்திருந்தால் தொடர் பார்க்கச் சகிக்காமல் போயிருக்கும்.

ஜோ ரைலியின் சட்டை ஏன் எப்போதும் ஒரு சைஸ் சிறியதாக இருக்கிறது?

வேண்டுமென்றேதான்! வில்லியம் ஸ்மித் உடற்பயிற்சியில் கட்டுமஸ்தாக வளர்ந்தவர், அதைக் காட்டாமல் விட தயாரிப்பாளருக்கு மனம் வராது. ஜோ ரைலியின் பாத்திரம் கொஞ்சம் இருட்டானது. மற்ற இடங்களில் சட்டத்தோடு உரசல் வைத்திருந்த துப்பாக்கிக்காரன், அதிலிருந்து தப்பிக்கவே ரேஞ்சர் வேலைக்கு வந்தவன். சண்டைக் காட்சியில் மற்ற நடிகர்கள் கையை வீசுவார்கள், ஸ்மித் அடிப்பது போலவே இருக்கும். பின்னாளில் அவர் பயங்கர வில்லனாகப் பெயர் வாங்கினார். 1976இல் வந்த 'ரிச் மேன், புவர் மேன்' குறுந்தொடரின் ஃபால்கனெட்டியைப் பார்த்து நடுங்கியவர்கள் லாரெடோவில் அதே ஆள் பல்லைக் காட்டிச் சிரிப்பதைப் பார்த்தால் நம்ப மாட்டார்கள்.

பிராண்ட் வில்லனாக இருந்து இங்கே வந்து சிரிக்க வைத்தார். ஸ்மித் இங்கே சிரித்துவிட்டு வில்லனாகப் போனார்.

பீட்டர் பிரவுனை 'லாமேன்' தொடரில் பார்த்துப் பிடித்து இதற்கு வந்தேன். ஏமாற்றமாக இருக்குமா?

முதலில் கொஞ்சம் அதிர்ச்சியாக இருக்கும். 'லாமேன்' 1958 முதல் 1962 வரை ஏ.பி.சி.யில் ஓடிய அரை மணி நேரத் தொடர், 156 எபிசோட். வயோமிங்கின் லாரமி ஊரில் மார்ஷல் டான் ட்ரூப், அவருடைய இளம் துணை அதிகாரி ஜானி மெக்கே. ட்ரூப்பாக ஜான் ரஸ்ஸல், ஜானியாக பீட்டர் பிரவுன். அங்கே மார்ஷல் சிரித்து நாம் பார்த்தது அபூர்வம். ஜானி அவர் சொல்வதைக் கேட்டு, தப்பு செய்து, திருத்திக்கொண்டு, மெல்ல மெல்ல ஆளாகிறான். குருவும் சீடனும் என்ற பழைய கணக்கை வரி பிசகாமல் பின்பற்றிய தொடர் அது.

அதே பீட்டர் பிரவுன் மூன்றே வருடத்தில் லாரெடோவுக்கு வந்து, பெரியவர் ஒருவரை எப்படிக் கவிழ்க்கலாம் என்று திட்டம் போடுகிறார். ஜானி மெக்கே இதைப் பார்த்திருந்தால் சாட் கூப்பரைக் கைது செய்திருப்பான். இரண்டையும் பார்த்தவர்கள் பெரும்பாலும் நடிப்புக்கு லாமேனையும் ஜாலிக்கு லாரெடோவையும் சொல்கிறார்கள். எனக்கு லாமேன்தான் ஒரு படி மேல். வசனம் குறைவு, அரை மணி நேரத்தில் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறது. லாரெடோ சில சமயம் ஒரு மணி நேரத்தை நிரப்ப ஒரே கேலியை மூன்று முறை அரைக்கிறது.

கேப்டன் பார்மலிக்கு ஏன் எப்போதும் கோபம்?

இந்த மூவரையும் வைத்து வேலை வாங்கிப் பாருங்கள், தெரியும்.

இரண்டாம் சீசனில் புதிதாக வரும் எரிக் ஹண்டர் யார்? எதற்கு?

நடித்தவர் ராபர்ட் வோல்டர்ஸ், நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் பிறந்தவர். பாத்திரம் நாசூக்கும் நவநாகரிகமும் கொண்ட ரேஞ்சர். மற்றவர்கள் புழுதியில் புரண்டு எழுந்தது போல் இருக்க, இவர் தையல்காரரிடமிருந்து நேராக வந்தது போல் இருப்பார். ரசிகர்களிடம் இவருக்கு அவ்வளவாக வரவேற்பு இல்லை. ஆளைக் குறை சொல்ல எதுவுமில்லை. மூன்று பேருக்கு அளந்து வைத்த ஆட்டத்தில் நான்காவது ஆளை உட்கார வைத்தால் என்ன ஆகும்? யார் யாரைக் கவிழ்க்கிறார்கள் என்ற கணக்கே குழம்பிவிட்டது.

வோல்டர்ஸை இன்று பலருக்கு வேறு காரணத்துக்காகத் தெரியும். நடிகை ஆட்ரி ஹெப்பர்னின் கடைசி ஆண்டுகளில், 1993இல் அவர் இறக்கும் வரை, துணையாக இருந்தவர் அவர்தான்.

நிஜ லாரெடோ அப்படித்தான் இருக்குமா? அந்த மலைகள்?

அந்த மலைகள் கலிபோர்னியா. யுனிவர்சல் ஸ்டூடியோவின் செட் தெருவையும் அக்கம்பக்கத்துக் குன்றுகளையும் காட்டி டெக்சாஸ் என்றார்கள். நிஜ லாரெடோ ரியோ கிராண்டே ஆற்றங்கரையில், கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையான முட்புதர்க் காட்டில் இருக்கிறது. கோடையில் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது அங்கே சாதாரணம்.

இதைவிடப் பெரிய இடறல் ஊரின் குணத்தில் இருக்கிறது. லாரெடோ 1755இல் ஸ்பானியர்கள் நிறுவிய ஊர். 1848இல் மெக்சிகோவுடன் போர் முடிந்து ஆறு எல்லையானபோது, மெக்சிகோவிலேயே இருக்க விரும்பிய குடும்பங்கள் அக்கரைக்குப் போய் நுவேவோ லாரெடோவை எழுப்பின. இக்கரையில் தங்கியவர்களும் ஸ்பானிஷ் பேசுபவர்களே. ஊரின் அதிகாரமும் வெகுகாலம் அவர்கள் கையில்தான் இருந்தது. சாந்தோஸ் பெனவிதெஸ் அந்த ஊரின் மேயராக இருந்தவர். உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்களின் பக்கம் கர்னலாகி, 1864 மார்ச்சில் லாரெடோவைத் தாக்க வந்த யூனியன் படையைத் தடுத்துத் திருப்பி அனுப்பியவர். அப்படிப்பட்ட ஊரில் முன்னாள் யூனியன் அதிகாரியான ரீஸ் எப்படி நிம்மதியாகச் சாலூனில் உட்கார்ந்து குடிக்கிறார்? அதில் ஒரு நல்ல கதை இருந்தது. எழுதத்தான் யாருக்கும் தோன்றவில்லை. தொடரில் தெரிவது எந்த வெஸ்டர்னுக்கும் பொருந்தும் ஒரு பொதுவான தெரு. மெக்சிகர்கள் அதில் விருந்தாளிகள் மாதிரி வந்து போகிறார்கள். உண்மையில் வந்தவர்கள் ரேஞ்சர்கள்தான்.

செவ்விந்தியர்களையும் மெக்சிகர்களையும் காட்டும் விதம் நெருடுகிறது. அப்போது யாரும் கேட்கவில்லையா?

நெருடத்தான் செய்யும். பூர்வகுடிப் பாத்திரங்களில் அவர்களே நடிப்பது அந்தக் கால ஹாலிவுட்டில் அபூர்வம். லாரெடோவில் சில எபிசோட்களில் வரும் லிண்டா லிட்டில் ட்ரீஸ் என்ற பூர்வகுடிப் பெண்ணாக நடித்தவர் ஷெல்லி மாரிசன். அவர் ஸ்பானிய வழி யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பின்னாளில் 'வில் அண்ட் கிரேஸ்' தொடரின் ரோசாரியோவாக உலகம் அறிந்தது அவரைத்தான். நடிப்பில் குறை இல்லை, சிரிக்க வைக்கும் நேரக்கணக்கு அவருக்கு அத்துப்படி. ஆனால் பாத்திரம் எழுதப்பட்ட விதம் அந்தக் காலத்து விதம்.

அறுபது வருடத் தொடரைப் பார்க்கும்போது இதற்கெல்லாம் தயாராக வேண்டும் என்று ஒரு கட்சி, எதற்குத் தயாராக வேண்டும் என்று இன்னொரு கட்சி. காமெடி என்பதால் லாரெடோவில் இது கூடுதலாகக் குத்துகிறது என்பேன். சீரியஸ் தொடரில் எதிரியாகக் காட்டினால் அவனுக்கு ஒரு பயமாவது மிஞ்சும். இங்கே கேலிப்பொருள் ஆக்கிவிடுகிறார்கள்.

'பி' கம்பெனி என்று நிஜமாகவே ஒன்று இருந்ததா?

இருந்தது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு சிலருக்குத் தொடர் பழையபடி இனிப்பதில்லை. அதனால் விருப்பமிருந்தால் மட்டும் படியுங்கள்.

1874இல் டெக்சாஸ் அரசு ஃபிரான்டியர் பட்டாலியன் என்ற ரேஞ்சர் படையை அமைத்தது. மேஜர் ஜான் பி. ஜோன்ஸ் தலைமை. 'ஏ' முதல் 'எஃப்' வரை ஆறு கம்பெனி, கம்பெனிக்கு 75 பேர். லாரெடோ தொடர் கற்பனையில் எடுத்துக்கொண்டது ஏறக்குறைய இந்தக் காலத்தைத்தான்.

'பி' கம்பெனியின் பெயர் வரலாற்றில் கறுப்பாகப் பதிந்தது பிறகு, 1918இல். அந்த ஜனவரி 28 அதிகாலை, மேற்கு டெக்சாஸில் ஆற்றோரம் இருந்த போர்வெனிர் என்ற சிற்றூருக்கு 'பி' கம்பெனி ரேஞ்சர்கள் வந்தார்கள். கூடவே உள்ளூர்ப் பண்ணைக்காரர்களும் ராணுவக் குதிரைப்படையினரும். மெக்சிக வம்சாவளியைச் சேர்ந்த 15 ஆண்களையும் சிறுவர்களையும் பிடித்துக் கொண்டுபோய்ச் சுட்டுக் கொன்றார்கள். ஒருவர் கையிலும் ஆயுதம் இல்லை. ஊரில் மிஞ்சியவர்கள் ஆற்றைக் கடந்து மெக்சிகோவுக்கு ஓடினார்கள். அந்த ஆண்டே ஆளுநர் 'பி' கம்பெனியைக் கலைத்தார், அதன் கேப்டன் பதவி விலகினார், கொலைக்காக யாரும் தண்டிக்கப்படவில்லை. 1919இல் ஹோசே தொமாஸ் கனாலெஸ் என்ற சட்டமன்ற உறுப்பினர் ரேஞ்சர்களின் அத்துமீறல்களை விசாரிக்க வைத்தார். அதன் பிறகு படையின் அளவு குறைக்கப்பட்டது.

தொடருக்கும் இந்தச் சம்பவத்துக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. காலமும் வேறு, இடமும் வேறு. ஆனால் 1965இல் டெக்சாஸின் வெள்ளையர் வீடுகளில் ரேஞ்சர் என்றால் நாயகன். அதே மாநிலத்தில் எல்லையோரக் கிராமங்களில் பாட்டிமார் அந்தப் பெயரைச் சொல்லிப் பிள்ளைகளை அடக்கினார்கள். ஒரே தொடரை அந்த இரண்டு வீடுகளும் ஒரே மாதிரி பார்த்திருக்க வழியில்லை. இந்தப் பேச்சு இன்றும் ஓயவில்லை. டல்லஸ் லவ் ஃபீல்ட் விமான நிலையத்தில் பல்லாண்டுகள் நின்ற ரேஞ்சர் சிலையை 2020 ஜூனில் எடுத்துவிட்டார்கள்.

ரேஞ்சர்களுக்கு யூனிஃபார்ம் கிடையாதா? ஆளுக்கொரு உடையில் இருக்கிறார்களே?

இந்த விஷயத்தில் தொடர் சரி. அந்தக் காலத்து ரேஞ்சருக்குச் சீருடை இல்லை. குதிரை அவரவர் சொந்தம். 1870களில் சாதாரண ரேஞ்சருக்குச் சம்பளம் மாதம் 40 டாலர் அளவில். ஆக, பத்து டாலருக்காக மூன்று பேரும் அடித்துக்கொள்ளும் காட்சிகளில் மிகை ஒன்றும் இல்லை.

டெக்ஸ் வில்லர் காமிக்ஸ் படித்து வளர்ந்தவன். எனக்குப் பிடிக்குமா?

தமிழில் டெக்சாஸ் ரேஞ்சர் என்ற பெயரை முக்கால்வாசிப் பேர் முதலில் கேட்டது சிவகாசியிலிருந்து வந்த லயன் காமிக்ஸில்தான். எனவே இந்தக் கேள்வி வராமல் இருக்காது.

இரவுக் கழுகார் என்று பெயர் பெற்ற டெக்ஸின் மிடுக்கை எதிர்பார்த்தால் கிடைக்காது. டெக்ஸ் இத்தாலியர்கள் 1948இல் படைத்த நாயகன், நவஹோக்களின் தலைவனும்கூட. அநியாயம் செய்கிறவன் வெள்ளைக்காரனானாலும் விடமாட்டார். அந்த விஷயத்தில் லாரெடோவைவிட டெக்ஸ் எங்கேயோ முன்னால் நிற்கிறார். ஆனால் உங்களுக்கு டெக்ஸைவிட அவருடைய கூட்டாளி கார்சனின் புலம்பல்தான் பிடிக்கும் என்றால், அந்த வறுத்த கறிக்கும் உருளைக்கிழங்குக்கும் ஏங்கும் கிழவரைப் பார்த்துச் சிரித்தவர் என்றால், ரீஸ் பென்னட் உங்கள் ஆள். யோசிக்காமல் பாருங்கள்.

ஏன் இரண்டே சீசனில் நிறுத்தினார்கள்?

முதல் சீசன் வியாழக்கிழமை இரவு எட்டரைக்கு. எதிரில் சி.பி.எஸ்.ஸில் 'மை த்ரீ சன்ஸ்', ஒன்பது மணிக்கு ஏ.பி.சி.யில் 'பிவிட்ச்ட்'. இரண்டுமே வீட்டில் உள்ள எல்லாரும் சேர்ந்து பார்க்கும் தொடர்கள். குழந்தைகளையும் சிரிக்க வைக்கும் ஒரு வெஸ்டர்ன் அந்த நேரத்தில் தாக்குப்பிடித்ததே பெரிது. இரண்டாம் சீசனில் வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தள்ளினார்கள். லாரெடோவை ரசிக்கக்கூடிய பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் அந்நேரம் தூங்கிவிடுவார்கள், பெரியவர்கள் பலர் வெளியே போயிருப்பார்கள். பிறகு யார் பார்ப்பது? இது போதாதென்று வெஸ்டர்ன் அலையே வற்றிக்கொண்டிருந்தது. இருபது சீசன் ஓடிய 'கன்ஸ்மோக்' கூட 1975இல் முடிந்துவிட்டது.

தியேட்டரில் லாரெடோ படம் பார்த்ததாக ஒருவர் சொன்னார். நிஜமா?

நிஜம்தான். எபிசோட்களை ஒட்டிச் சினிமாவாக விற்பது அப்போது யுனிவர்சலின் வழக்கம். முதல் சீசன் எபிசோட்களைச் சேர்த்து 'த்ரீ கன்ஸ் ஃபார் டெக்சாஸ்' 1968இல் வந்தது. அடுத்த வருடம் 'பேக்ட்ராக்'. அதற்கு மூலமாக இருந்தது, 1965 ஏப்ரலில் 'தி வர்ஜீனியன்' தொடரில் வந்த 'வீ'வ் லாஸ்ட் எ ட்ரெய்ன்' எபிசோட். மூன்று ரேஞ்சர்களும் முதன்முதலில் தலைகாட்டியது அதில்தான். படங்களாகப் பார்க்க வேண்டாம், ஒட்டுப்போட்ட இடமெல்லாம் தெரியும்.

நடிகர்களில் யாராவது இருக்கிறார்களா?

முக்கிய ஐவரில் யாரும் இல்லை. பிராண்ட் 1992இல், ஃபிலிப் கேரி 2009இல், பீட்டர் பிரவுன் 2016இல், வோல்டர்ஸ் 2018இல் போனார்கள். கடைசியாக வில்லியம் ஸ்மித், 2021 ஜூலையில், 88 வயதில்.

சரி, பார்க்கலாம் என்று முடிவு செய்துவிட்டேன். எங்கிருந்து ஆரம்பிப்பது?

'தி வர்ஜீனியன்' எபிசோடைத் தேட வேண்டியதில்லை, நேராக முதல் சீசனுக்குப் போங்கள். எபிசோடுக்கு எபிசோட் கதை தனி என்பதால் வரிசை முக்கியமில்லை. முதல் எபிசோடில் நடிகர் பர்ஜஸ் மெரிடித் விருந்தினராக வருகிறார், அது ஒன்றே போதுமான காரணம். கிளாட் ஏக்கின்ஸ், காட்டன் பக்மைஸ்டர் என்ற ரேஞ்சராக வரும் எபிசோட்களைத் தவற விடாதீர்கள். ரீஸுக்கு ஈடுகொடுக்கும் இன்னொரு முரட்டு வாய் அவர். இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்தால் சாடும் ஜோவும் சும்மா சுவரில் சாய்ந்து வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். ஒரே நாளில் இரண்டுக்கு மேல் பார்க்காதீர்கள், கேலிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். இரண்டாம் சீசனை, முதல் சீசன் முடிந்து ஒரு மாதம் கழித்துத் தொடங்கினால் எரிக் ஹண்டர் மீது கொஞ்சம் கருணை வரும்.